அப்பறம் வாங்க

ஏனுங்க, அந்தப் பையை மட்டும் காலால தள்ளிப்போடாதீங்க. அது அங்கயே இருக்கட்டும். நல்ல கனமுங்க, நான் தூக்கிட்டு ஏறுறதுக்குள்ள கண்டக்டர் ரெண்டு விசில் அடிச்சுப்போட்டான். டூல்ஸ் பைதான், வேற ஒண்ணும் இல்ல. நீங்க எங்க, குண்டடமா? நான் தாராபுரம் வரைக்கும் போறேனுங்க. நீங்க எறங்குற வரைக்கும் பேச்சுத் துணையாச்சு.

இந்த டிக்கெட்டைக் கொஞ்சம் என்ற சட்டைப் பையில வெச்சு உடுறீங்களா? வலது கை விரல் மடங்காதுங்க. உள்ள பிளேட் வெச்சுத் தெச்சிருக்காங்க. பார்க்கறவங்க எல்லாரும் ஆக்சிடென்டான்னு கேப்பாங்க. ஆக்சிடென்ட் இல்லீங்க, அடிச்சது. கீபோர்டு மேல கையை வெக்கச் சொல்லிப்போட்டு இரும்புக் கம்பியால ஒரே போடு. கீபோர்டு நொறுங்குற சத்தம்தான் மொதல்ல கேட்டுச்சு, வலி அப்பறம்தான் வந்துச்சு. ஒரு எழுத்துக் கட்டை தெறிச்சு என்ற நெத்தியில அடிச்சது இன்னமும் ஞாபகம் இருக்கு.

நான் அடிதடிக்குப் போற ஆளே இல்லீங்க. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். எங்க கம்பெனில யாரை வேணும்னாலும் கேளுங்க, சிஸ்டம் கனகராஜ் சத்தம் போட்டுப் பேசி ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. நான் உண்டு, என்ற மெயில் சர்வர் உண்டுன்னு இருந்தவன்.

மெயில் சர்வர்னா என்னன்னு தெரியுமுங்களா? தெரியாட்டிப் பரவால்ல, சுலபந்தான். நீங்க ஒருத்தருக்கு மெயில் அனுப்பறீங்க. அது நேரா போயி அவரு கம்ப்யூட்டர்ல உழுந்துடறதில்ல. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வாசல் இருக்கு. அங்க போயித் தட்டும். வாசல்ல இருக்கறவன், யாரு நீ, எங்கிருந்து வர்ற, உள்ள யாரைப் பார்க்கணும்னு கேப்பான். சரியா பதில் சொன்னா உள்ள உடுவான். எங்க மோட்டார் பம்ப்பு கம்பெனிக்கு அந்த வாசலைக் கட்டுனது நானுங்க, ஒத்தை ஆளா. கம்பெனி பேரு வேண்டாம், கேஸ் நடந்துட்டு இருக்கு.

அத்தனையும் இலவச சாப்ட்வேர். உலகத்துல எந்தெந்த மூலையிலயோ எவனெவனோ ராத்திரி பகல்னு உக்காந்து எழுதி, சும்மா எடுத்துக்கங்கடான்னு போட்டிருக்கான். லினக்ஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க. அது மேல, வாசல் காக்க ஒரு சாப்ட்வேர். வந்த மெயிலை அவங்கவங்க பெட்டியில பிரிச்சு வெக்க ஒண்ணு. வைரஸ் இருக்கான்னு மோந்து பார்க்க ஒண்ணு. குப்பை மெயிலைப் பிடிக்கறவனுக்கு இங்கிலீஷ்ல கொலைகாரன்னே பேரு வெச்சிருக்காங்க, கிண்டலுக்குச் சொல்லலீங்க. எங்க தொழில்ல பேச்சே அப்பிடித்தான். சிக்கிக்கிட்ட புரோகிராமை நிறுத்துன்னு சொல்ல மாட்டோம், கொல்லுன்னுதான் டைப் அடிக்கணும். நாளெல்லாம் கொல்லு கொல்லுன்னு அடிச்சிருக்கறேன். ஆனா மனுசன் மேல கை வெச்சதில்லீங்க. வெளி மனுசன் மேல.

அந்தச் சாப்ட்வேர்கள்ல ஒண்ணு இருந்துச்சு பாருங்க, அதுதான் என்ற உயிர். சின்னதுதான், மத்ததெல்லாம் செய்யற வேலையில பாதி கூட அது செய்யாது. புதுசா யாராச்சும் வந்து வாசலைத் தட்டுனா, அவன் நல்லவனா கெட்டவனான்னு அது ஆராயாது. ஒரே பதில்தான். "இப்ப முடியாது, அப்பறம் வாங்க." அவ்வளவுதான். குப்பை அனுப்பறவனுக்கு எங்கீங்க பொறுமை? அவனுக்கு லட்சம் வாசல் இருக்கு, இங்க தொறக்கலையா அடுத்த வாசலுக்கு ஓடிப்போயிருவான். நிஜமானவன் காத்திருந்து திரும்ப வருவான். அதே ஆளு, அதே வாசல், அதே சேதியோட திரும்ப வந்தான்னா, சரி, இவன் நிஜமானவன்னு தொறந்துடும். அதுக்கப்பறம் அவனுக்குத் தடையே இல்ல. இதைப் போட்ட மறுநாளே எங்க கம்பெனில குப்பை மெயில் பாதிக்கு மேல நின்னு போச்சு. மொதலாளி எனக்குக் கை குடுத்தாருங்க, இந்தக் கைக்குத்தான்.

ரொம்ப வேண்டப்பட்டவங்க பேரை மட்டும் தனியா ஒரு லிஸ்ட்ல எழுதி வெச்சுடலாம். அவங்க வந்தா கேள்வியே இல்ல, நேரா உள்ள.

எவ்வளவு பெரிய புத்தி பாருங்க. யோசிச்சு யோசிச்சு நான் அதை வீட்டுலயும் வெச்சுக்கிட்டேன். காலிங் பெல் அடிச்சா, யாரா இருந்தாலும் அப்பறம் வாங்க. நன்கொடையா, அப்பறம் வாங்க. சொந்தக்காரன் கைமாத்துக் கேட்டு வர்றானா, அப்பறம் வாங்க. பத்துக்கு எட்டுப் பேரு திரும்ப வரமாட்டாங்க. அவங்களுக்கு நிஜமான தேவை இல்லைன்னு தானே அர்த்தம்? மனுசனைப் புரிஞ்சுக்க இதை உட சுருக்கமான வழி எங்கீங்க இருக்கு?

என்ற வீட்டுக்காரி கலாமணிக்கும் அதேதான். புடவை வேணும்னு சொன்னாலும் அப்பறம், அம்மா ஊட்டுக்குப் போகணும்னாலும் அப்பறம். நிஜமா வேணும்னா ரெண்டாந்தடவை கேப்பா. ஒருக்கா காது வலிக்குதுன்னா. இடது காது. உள்ள கொய்ங்குன்னு சத்தம் கேட்டுட்டே இருக்குது, ஆசுபத்திரிக்குப் போலாமுங்களான்னா. அப்பறம் பார்க்கலாம்னேன். ரெண்டாந்தடவை அவ சொல்லவே இல்லீங்க. வலி நிஜமா இருந்திருந்தா சொல்லியிருப்பாளா மாட்டாளா, நீங்களே சொல்லுங்க.

காது எதுக்கு வலிச்சுதுன்னா... அது வந்து, முந்தின நாளு கொஞ்சம் பேச்சு முத்திப்போச்சு. சாப்பாட்டுல உப்பு இல்ல. அதுலயும் நான் ஒரு ஒழுங்கு வெச்சிருந்தேனுங்க. எங்க சர்வர்ல ஒருத்தன் தப்பான பாஸ்வேர்டு போட்டுப் போட்டு உள்ள நுழையப் பார்த்தான்னா, அதைக் கவனிச்சிட்டே இருக்க ஒரு சாப்ட்வேர் உண்டு. மூணு தடவை உடும். நாலாவது தடவை அடிச்சு வெளியில தள்ளிப்போடும். நானும் மூணு தடவை வாயாலதான் சொல்லுவேன். நாலாவது தடவைதான் கை. எடுத்ததும் அடிக்கற ஆளு இல்லீங்க நான். அடிச்சாலும் மனசு கேக்காது, வெளிய போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு அரை மணி நேரத்துல திரும்பி வந்து கதவைத் தட்டுவேன். கலா தொறந்துடுவா. மல்லிப்பூ வாங்கியாருவேன். அடிச்சுப்போட்டு அப்பிடியே போயிடறவன் எத்தனை பேரு இருக்கான். நான் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தவனுங்க.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். திருமூர்த்தின்னு பேரு. எங்க கம்பெனிலயே அசெம்பிளில இருந்தான், நான்தான் சேர்த்து உட்டேன். அவன்தானுங்க கோவக்காரன். அவன் கோவத்தைப் பார்த்தீங்கன்னா நான் சொல்றது புரியும். எங்க பாப்பாவுக்குக் காது குத்துனோம், தாய்மாமன் மடியில வெச்சுத்தானே குத்தணும். இவன் மடியில பாப்பா உக்காந்திருக்கு, ஆசாரி கம்பியை எடுத்துட்டு வர்றான், பாப்பா வீல்னு அழுவுது. "அக்கா, அந்தச் சக்கரையை எடு, அக்கா"ன்னு இவன் கூப்பிடறான். கலா அவனுக்கு வலது பக்கமா நின்னுட்டு இருந்தா, அவ இடது காது இவன் பக்கம். திரும்பவே இல்ல. நாலஞ்சு தடவை கூப்பிட்டான். அப்பறம் மத்தவங்க தொட்டுச் சொன்னதும்தான் திரும்புனா. அவன் அக்கா மூஞ்சியைப் பார்த்தான், என்ற மூஞ்சியைப் பார்த்தான். பந்தி முடியட்டும்னு கூட இருக்கலீங்க. சமையக்காரன் அடுப்புக்குப் பின்னாடி என்னைத் தள்ளிட்டுப் போயிச் சட்டைக் காலரைப் பிடிச்சு செவுத்தோட வெச்சு அமுக்கிட்டான்.

"இன்னொரு வாட்டி எங்கக்கா மேல கை பட்டுச்சு, மாமான்னு பார்க்க மாட்டேன். கையை ஒடிச்சுப்போடுவேன்"னான்.

எத்தனை பேரு பார்த்தாங்க தெரியுங்களா? புதுச் சட்டை, பட்டன் ரெண்டு தெறிச்சு கொழம்பு அண்டாவுல உழுந்துச்சு. அதை நான் மறந்துட்டேன்னு சொன்னா அது பொய்யி. ஆனா மனசுல வெச்சுக்கலீங்க. என்ற லிஸ்ட்ல இருந்து அவன் பேரை எடுத்துப்போடலாம்னு நெனச்சேன், தாய்மாமனாச்சேன்னு உட்டுட்டேன்.

கம்பெனிக்கு ஆளு கொண்டு வர்ற கான்ட்ராக்டர் ஒருத்தன் இருந்தான், மாசிலாமணின்னு. வைண்டிங் செக்சன்ல ஒரு பொம்பளைக்கு மெசின்ல கை மாட்டி ரெண்டு விரல் போயிருச்சு. இவன் என்ன பண்ணினான், கையில துணியைச் சுத்தி பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிப்போட்டான். ஆசுபத்திரிக்கே கூட்டிட்டுப் போகல. திருமூர்த்திக்குத் தெரிஞ்சு போச்சு. ஷிப்டு மாறுற நேரம், கேட்டுல அத்தனை ஆளுங்க நிக்கறாங்க, மாசிலாமணி காரை உட்டு எறங்கறான். இவன் காலுல இருந்த செருப்பைக் கழட்டி, கன்னத்துல ரெண்டு பக்கமும் மாறி மாறி அடிச்சுப்போட்டான். மாசிலாமணி வாயில ரத்தம். பொம்பளைங்க எல்லாம் கை தட்டுனாங்க. நான் கேட்டோரமா ஒதுங்கி நின்னுட்டேனுங்க. இப்பிடியா ஒரு மனுசன் இன்னொரு மனுசனை அடிக்கறது?

மறுநாள் சாப்பாட்டு நேரம். நான் சர்வர் ரூம்ல இருந்தேன். அது பழைய பண ரூமுங்க, ஜன்னல் கிடையாது, ஒரே ஒரு இரும்புக் கதவு. உள்ள தாப்பாள் போட்டுட்டா ஆனை வந்து முட்டினாலும் தொறக்காது. நான் டிபன் பாக்சைத் தொறக்கறேன், கதவுல டமார் டமார்னு அடி. "மாமா, நான் திருமூர்த்தி. கதவைத் தொறங்க மாமா!" லிஸ்ட்ல இருக்கற பேருதானே, கேள்வியே கேக்கல. தொறந்தேன். உள்ள வந்து உழுந்தான். மண்டை ஒடைஞ்சு ஒரு பக்கக் கண்ணே தெரியல, ரத்தம் மூடியிருக்குது. இடது கை தோள்ல இருந்து தனியாத் தொங்குது. கதவைச் சாத்தித் தாப்பாள் போட்டேன். தவழ்ந்து போயி, சர்வருங்க அடுக்கி வெச்சிருக்கற இரும்பு ரேக்குக்குப் பின்னாடி, பேட்டரிங்க வெச்சிருக்கற சந்துல உக்காந்துட்டான். தரையெல்லாம் ரத்தக் கோடு.

"மாசிலாமணி ஆளுங்க மாமா. கேண்டீன்ல பூந்துட்டாங்க. கம்பி வெச்சிருக்காங்க. போலீசுக்குப் போன் போடுங்க."

மேசை மேலதான் போன் இருந்துச்சு. அப்பறம் போடலாம் மாப்ள, மொதல்ல ரத்தத்தைத் தொடைன்னேன். கம்பெனி விசயம், மொதலாளியைக் கேக்காம எப்பிடிப் போலீசைக் கூப்பிடறது? ரெண்டாந்தடவை கேட்டிருந்தான்னா போட்டிருப்பேன். அவன் கேக்கலீங்க. மூச்சு வாங்கிட்டு இருந்தான்.

கொஞ்ச நேரத்துல கதவைத் தட்டுனாங்க. டமார் டுமீர்னு இல்லீங்க, மரியாதையா, விரல் மடக்கி ரெண்டு தட்டு. "சார், ஏசி சர்வீசுங்க." நான் என்ன பண்ணுவேன், வழக்கமா சொல்றதையே சொன்னேன். "இப்ப முடியாதுங்க, அப்பறம் வாங்க." "சரிங்க சார்"னுட்டுப் போயிட்டாங்க. காலடிச் சத்தம் தேஞ்சு போச்சு.

திருமூர்த்தி அந்தச் சந்துல இருந்து என்ற காலைப் பிடிச்சுக்கிட்டான். "மாமா, அது அவனுங்கதான். கேண்டீன்ல அந்தக் கொரல் கேட்டேன். தொறக்காதீங்க மாமா, பாப்பா மேல சத்தியம்"னான்.

நான் சொன்னேன், மாப்ள, நீ பயப்படாத, இதுக்கு ஒரு வழி இருக்குது. அவங்க அடியாளா இருந்தா இந்நேரம் கதவை ஒடைக்கப் பார்த்திருப்பாங்க, இல்லைன்னா வேற பக்கம் தேடி ஓடியிருப்பாங்க. நிஜமான ஏசி ஆளுங்களா இருந்தா காத்திருந்து திரும்ப வருவாங்க. எட்டு வருசமா ஓடற வழி இது, ஒரு நாளும் தப்புனதில்லைன்னேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்குதே. ஒத்தைக் கண்ணுதான் தொறந்திருந்துச்சு. அன்னைக்கு அடுப்புக்குப் பின்னாடி பார்த்த அதே பார்வை. எனக்கும் கோவம் வந்துருச்சுங்க. என்ற ரூம், என்ற சர்வர், இவன் யாரு எனக்குச் சொல்ல?

திரும்ப வந்தாங்க. அதே மாதிரி ரெண்டு தட்டு. அதே கொரல். அதே வார்த்தை. "சார், ஏசி சர்வீசுங்க. அப்பறம் வரச் சொன்னீங்களே." அதே ஆளு, அதே வாசல், அதே சேதி. நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? திருமூர்த்தி என்ற காலை இறுக்கிப் பிடிச்சான். காலை ஒரு உதறு உதறிப்போட்டு, போயித் தாப்பாளைத் தள்ளுனேன்.

எத்தனை பேருன்னு நான் எண்ணலீங்க. மொத அடி எனக்குத்தான், வயித்துல. மேசையோட சரிஞ்சேன். அவனைச் சந்துல இருந்து ரேக்குக்கு முன்னாடி வரைக்கும் இழுத்தாங்க, அவன் ரேக்கோட காலை ஒத்தைக் கையால கட்டிப் பிடிச்சுக்கிட்டான், அதுக்கு மேல வரமாட்டேங்கறான். அந்தக் கையில கம்பியால அடிச்சாங்க. உடல. இன்னொரு அடி. எலும்பு முறியற சத்தம் ஏசி சத்தத்தையும் மீறிக் கேட்டுச்சு. அப்பவும் உடல. அக்கா, அக்கான்னு கத்தறான். என்னைக் கூப்பிடலீங்க, அங்க இல்லாதவளைக் கூப்பிட்டான். கடைசியா ஒருத்தன் சொன்னான், "இதையே தள்ளுங்கடா"ன்னு. நாலு பேரு சேர்ந்து ரேக்கை முன்னாடி சாய்ச்சாங்க. ஆளு ஒசரம் இருக்குமுங்க அது. சர்வர், நெட்வொர்க் பெட்டி, அத்தனையும் அவன் நெஞ்சு மேல உழுந்துச்சு. அக்காங்கற சத்தம் பாதியில நின்னு போச்சு.

அப்பறம் என்னைத் தூக்கி நாற்காலில உக்கார வெச்சாங்க. கம்பெனி கேட்டுல இருக்கற கேமரால அவங்க வந்தது பதிவானதை எல்லாம் அழிடான்னாங்க. எனக்கு நாக்குல வந்தது என்ன தெரியுங்களா? "அப்பறம் அழிக்கறேனுங்க"ன்னேன். பழக்கம்! அதுக்குத்தான் கையைக் கீபோர்டுல வெக்கச் சொல்லி அடிச்சாங்க. பொறவு வேற கீபோர்டை மாட்டி, இடது கையால அழிச்சுக் குடுத்தேன். அவங்க போனதும் பார்க்கறேன், ரேக்கு குப்புறக் கெடக்குது, கீழ ரத்தம் பரவுது, ஆனா சர்வர்ல பச்சை லைட்டு மின்னிட்டே இருக்குதுங்க. அந்த நெலமையிலயும் மெயில் வந்துட்டே இருந்துச்சு. ஒரு மெயில் கூடத் தவறல, பொறவு நான் சரி பார்த்தேன். எவ்வளவு காசு குடுத்து வாங்கினாலும் அப்பிடி ஒரு சிஸ்டம் கெடைக்காதுங்க.

திருமூர்த்தியா? ஆசுபத்திரி போற வழியிலயே முடிஞ்சு போச்சு.

அதுக்கப்பறம் எல்லாருக்கும் நான்தான் எதிரி. இன்ஸ்பெக்டர்கிட்ட நான் இந்த வழியை எல்லாம் வெளக்கமா எடுத்துச் சொன்னேன், அவரு முழுசாக் கேட்டுப்போட்டு பொளேர்னு ஒண்ணு உட்டாரு. கேமரால ஒண்ணும் இல்லைன்னு மாசிலாமணி ஆளுங்க ஜாமீன்ல வந்துட்டாங்க. கம்பெனில என்ன பண்ணினாங்க, மெயிலை எல்லாம் தூக்கி வெளியில எவன்கிட்டயோ மாசக் காசு குடுத்து ஒப்படைச்சுப்போட்டு, உன்ற வேலை முடிஞ்சுது கனகராஜுன்னுட்டாங்க. நான் கட்டுன வாசலுங்க அது. ஒரு நன்றி உண்டா?

கலா எழவு ஊட்டுல என்ற பக்கமே திரும்பல. அத்தனை சனத்துக்கு முன்னாடி, "கதவைத் தொறந்து உட்டது இவருதான், வேணும்னே தொறந்து உட்டாரு"ன்னு சொன்னா. வேணும்னே! காதுகுத்துல காலரைப் பிடிச்சதுக்காக நான் அவனைக் கொல்லக் குடுத்துட்டேனாம். அவ மேலயும் எனக்குக் கோவம் வந்துச்சு, ஆனா எழவு ஊடாச்சே, கையை அடக்கிக்கிட்டேன். பாப்பாவைத் தூக்கிட்டு தாராபுரத்துல அவங்கம்மா ஊட்டோட போயிட்டா.

நான் உட்டுருவேனா? ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போயிருவேன். மல்லிப்பூவோட போயிக் கதவைத் தட்டுவேன். மொத தடவை உள்ள இருந்து சத்தம் மட்டும் வந்துச்சு. "இப்ப முடியாது, அப்பறம் வாங்க." எனக்கு அழுகையே வந்துருச்சுங்க, சந்தோசத்துல. எங்க தொழில்ல ரெண்டு பதில் இருக்கு. ஒண்ணு அப்பறம் வா. இன்னொண்ணு இனி எப்பவும் வராத. அவ முடியாதுன்னு சொல்லல பாருங்க, அப்பறம்னுதான் சொன்னா. பத்து வருசம் என்கூடக் குடும்பம் நடத்துனவ, அவளுக்குத் தெரியாதா? சோதிச்சுப் பார்க்கறாள்னு நெனச்சேன். அடுத்த வாரம் போனேன். அப்பறம் வாங்க. அதுக்கடுத்த வாரம். அப்பறம் வாங்க. மழையில நனைஞ்சுட்டுப் போனேன், காய்ச்சலோட போனேன். அந்தத் தெருவுல இருக்கற நாயி கூட இப்பல்லாம் என்னைப் பார்த்துக் குலைக்கறதில்லீங்க.

போன வாரம் போனேன். தட்டுனேன். அவ கதவுக்கிட்ட வந்து நிக்கறது தெரிஞ்சுது. வலது காதைக் கதவுல வெச்சுக் கேட்டிருப்பா, அதுதானே கேக்கும். கலா, நான்தான், திரும்பத் திரும்ப வந்துட்டே இருக்கறேன் பாரு, இன்னுமா உனக்கு நம்பிக்கை வரலைன்னு கேட்டேன்.

அப்பறம் சொன்னா. கத்தலீங்க, நிதானமாச் சொன்னா.

"எந்தம்பியை அடிச்சவனுங்களும் திரும்பத்தான் வந்தானுங்க. நீங்களும் ஒவ்வொரு தடவையும் என்னை அடிச்சுப்போட்டுத் திரும்பத்தான் வந்தீங்க. நான்தான் தொறந்து தொறந்து உட்டேன். இனி வராதீங்க."

இதுக்கு என்னங்க அர்த்தம்? வாரம் பூரா யோசிச்சுப் பார்த்துட்டேன், எனக்குப் புரியவே இல்ல. அவனுங்களும் நானும் ஒண்ணா? அவனுங்க கூலிக்கு வந்தவனுங்க. நான் தாலி கட்டுனவன்.

அந்தக் கடைசி வார்த்தைதான் உள்ள இருந்து குத்திட்டே இருக்குது. இனி வராதீங்க. அது அந்த ரெண்டாவது பதிலுங்க. அந்தப் பதில் வந்துட்டா, தட்டுன சர்வர் அதோட நிறுத்திக்கணும். மறுபடியும் தட்டக்கூடாது. எந்தச் சர்வரா இருந்தாலும் மரியாதையா நிறுத்திக்கும், நான் எழுதி வெச்சதும் அப்பிடித்தான் நிறுத்தும். ஆனா நான் சர்வர் இல்லீங்களே. மனுசன். மனுசன் எப்பிடிங்க நிறுத்திக்கறது?

ஓ, குண்டடம் வந்துருச்சா? எறங்குங்க, எறங்குங்க. போறதுக்கு முன்னாடி அந்தப் பையை மட்டும் தூக்கி இந்தப் பக்கம் என்ற இடது கையில குடுத்துட்டுப் போயிருங்க. பார்த்துங்க, ஜிப்பு சரியில்ல, அந்த நெம்புகம்பி வெளிய நீட்டிட்டு இருக்கும், கையைக் கிழிச்சுரும். சர்வர் வர்ற மரப்பெட்டியைப் பிரிக்கறதுக்கு வெச்சிருந்தது, இடது கையாலயே நெம்பிடலாம். ஏனுங்க அப்பிடிப் பார்க்கறீங்க? நான் அடிதடிக்குப் போற ஆளே இல்லைன்னு மொதல்லயே சொன்னேனே. இன்னைக்கும் மொதல்ல மரியாதையா மூணு தடவை தட்டத்தான் போறேன். அவங்கம்மா ஊட்டுக் கதவு, எங்க சர்வர் ரூம் மாதிரி இரும்பு இல்லீங்க. மரந்தான்.